ஏழு பேரின் சங்கம்

நமது பங்கு அச்சகத்தில் பணிபுரிவோர் ஏழு பேரே. சங்கம் அமைக்க விரும்புவதாக அவர்கள் வந்து கூறியபோது, "நாம் ஒரே குடும்பமன்றோ, சங்கம் எதற்கு?" என்றோம். அச்சுக்கோத்த காலந்தொட்டுப் பணிபுரியும் மூத்தவர் பணிவுடன் சொன்னார்: "சாமி, நீங்கள் மாற்றலாகிப் போய்விடுவீர்கள். அடுத்து வரும் சாமியிடம் எங்களுக்காக யார் பேசுவார்?"

நம்மிடம் பதில் இல்லை. சங்கம் சேர்வது மனிதனின் இயல்பான உரிமை என்று திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1891இல் விடுத்த சுற்றுமடலைக் குருமடத்தில் படித்துத் தேர்வெழுதியவர்கள் நாம். ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்யலாம் என 1926ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளித்தது. இருந்தும் நம்மை மறுக்க வைத்தது, அவர்கள் நம் தயவிலேயே வாழவேண்டும் என்ற உள்மன ஆசையே. தயவு நம்மோடு மாற்றலாகிப் போய்விடும். நீதி அவர்களோடு தங்கவேண்டும்.

மறுநாள் மாலை, அவர்கள் கூடிப் பேச அச்சகத்தின் காகித அறையைத் திறந்துவிட்டோம். நாம் உள்ளே செல்லவில்லை.