வெண்ணிறச் சாலைகள்

ஊருக்குச் சாலை வந்தது என்றால், தார்ச்சாலை வந்தது என்றே மக்கள் பொருள் கொள்வர். கல்லும் மண்ணுமாய்க் கிடந்த வழி கருநிறம் பெற்று வழவழப்பாவதே முன்னேற்றத்தின் முதல் அடையாளம் என்பது பலர் கருத்து. அது பெரும்பாலும் உண்மையே. ஆயினும், தம் நாட்டுச் சரளைச் சாலைகளைத் தார் பூசி மறைத்தல் ஆகாது என்று முனைந்து நின்று, அம்முயற்சியில் வெற்றியும் கண்ட மக்கள் உளர். அவர்கள் வாழும் நாடு இத்தாலி. அவர்களுக்குத் துணை நின்ற கருவி மிதிவண்டி.

இத்தாலியின் நடுப்பகுதியில் தஸ்கனி என்னும் மாநிலம் உள்ளது. அங்கே பிளாரன்ஸ் நகருக்கும் சியன்னா நகருக்கும் இடையே கிடக்கும் குன்றுநாட்டைக் கியாந்தி என்பர். அக்குன்றுகளை ஓக்கு மரங்களும் செஸ்ட்நட் மரங்களும் செறிந்த காடுகள் போர்த்திருக்கின்றன. காடு விலகிய சரிவுகளில் திராட்சைக் கொடிகளும் ஒலிவ மரங்களும் வரிசை வரிசையாக நிற்கின்றன. குன்றின் முடிதோறும் கல்லால் கட்டிய பண்ணை வீடு ஒன்று தோன்றும். அவ்வீட்டை நோக்கிச் சாலை ஒன்று வளைந்து வளைந்து ஏறும். சுண்ணாம்புத் தன்மையுள்ள கற்களை உடைத்துப் பரப்பிய சாலை அது. ஆதலின் வெயிலில் வெள்ளை வெளேர் என்று விளங்கும். 'ஸ்த்ராதே பியாங்கே' என்பது அச்சாலைகளுக்கு அந்நாட்டார் இட்ட பெயர். 'வெண்சாலைகள்' என்பதே அதன் பொருள்.

வெண்சாலையில் மிதிவண்டி ஓட்டுதல் தார்ச்சாலையில் ஓட்டுவது போன்றதன்று. ஏற்றம் வந்ததும் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பது பலருக்கும் வழக்கம். சரளையில் அவ்வாறு செய்தால் பின்சக்கரத்தின்மேல் இருந்த பாரம் குறையும். சக்கரம் பற்றுதல் இன்றிக் கல்லை வாரி இறைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே சுழலும். ஆகவே, அமர்ந்தபடியே பொறுமையாக மிதித்தல் வேண்டும். இறக்கத்தில் முன்பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி சறுக்கும். ஆகவே, வேகத்தை முன்னரே அடக்கி வளைவில் நுழைதல் வேண்டும். டயரில் காற்று மிகுந்தால் ஒவ்வொரு கல்லும் உடலைக் குலுக்கும். காற்று குறைந்தால் கல்லுக்கும் சக்கரத்திற்கும் இடையே குழாய் நசுங்கி ஓட்டை விழும். இரண்டிற்கும் நடுவே அளவறிந்து நிற்பதே அறிவுடைமை. இக்காலத்தில் சரளை வழிக்கென்றே ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் அகலமுள்ள டயர் பூட்டிய மிதிவண்டிகள் செய்யப்படுகின்றன. வண்டி எவ்வளவு நல்லதாயினும், சாலையைக் கண்ணால் படித்துக்கொண்டே செல்பவர்தாம் விழாமல் சென்று சேர்வர்.

சியன்னாவிற்குத் தென்கிழக்கே சென்றால் காட்சி மாறிவிடும். அங்கே காடு இல்லை; அலை அலையாய் எழுந்து தாழும் களிமண் மேடுகளே உள. பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அப்பகுதி கடலாய் இருந்தது. கடலடியில் படிந்த சேறே இன்று மேடாய் உயர்ந்து நிற்கிறது. கிரேத்தே செனேசி எனப்படும் அந்நிலம் இளவேனிலில் கோதுமைப் பயிரால் பச்சையாகும். கோடையில் பொன்னிறம் கொள்ளும். அறுவடைக்குப்பின் உழுதுவிட்டால் சாம்பல் நிறமாய்க் கிடக்கும். அதன் நடுவே, சைப்ரஸ் மரங்கள் காவலர்போல் நிற்க, மேட்டின் முதுகின்மேல் வெண்சாலை ஓடுகிறது.

இச்சாலைகளை அமைத்தவர் யார்? உழவரே இவற்றிற்கு மூலகாரணர். தஸ்கனியில் நெடுங்காலம் பாதி வாரமுறை நிலவியது. நிலம் செல்வருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைவில் இருவருக்கும் செம்பாதி. குடியானவர் தாம் உழும் நிலத்தின் நடுவிலேயே குடும்பத்தோடு வாழ்ந்தனர். அதனால் வீடுகள் ஓரிடத்தில் திரண்டு ஊராகாமல், குன்றுக்கு ஒன்றாய்ச் சிதறி நின்றன. ஒவ்வொரு வீட்டினின்றும் கோவிலுக்கும் ஆலைக்கும் சந்தைக்கும் வழி வேண்டியிருந்தது. எருது பூட்டிய வண்டிகள் நடந்து நடந்து அவ்வழிகளைச் சாலைகளாக்கின.

இரண்டாம் உலகப் போருக்குப்பின் நிலைமை மாறியது. தொழிற்சாலைகள் பெருகின. பாதி விளைவுக்காகப் பகலெல்லாம் பாடுபட்ட குடியானவரின் மக்கள் நகரங்களை நாடிச் சென்றனர். 1964ஆம் ஆண்டில் புதிதாக அத்தகைய வார ஒப்பந்தம் செய்வதைச் சட்டம் தடுத்தது. குன்றின்மேல் வீடுகள் பூட்டிக் கிடந்தன. நாடெங்கும் தார்ச்சாலைகள் பெருகிய அக்காலத்தில், ஆளில்லாத வீட்டிற்குச் செல்லும் சாலைக்குத் தார் இடுவார் யார்? ஆகவே, வெண்சாலைகள் பல வெண்சாலைகளாகவே எஞ்சின. முதலில் அவற்றைக் காத்தது அன்பு அன்று, மறதியே.

ஆனால், மறதி என்றும் காவலாய் நில்லாது. பிற்காலத்தில் அந்நாட்டின் திராட்சை மதுவும் இயற்கை எழிலும் உலகப் புகழ் பெற்றன. பாழடைந்த பண்ணை வீடுகளைப் புதுக்கி விருந்தினர் விடுதிகள் ஆக்கினர். உந்துவண்டிகள் வந்தன; தார்ச்சாலை வேண்டும் என்ற எண்ணமும் உடன் வந்தது. இனி வெண்சாலைகள் பிழைக்குமோ என்ற ஐயம் சிலர் உள்ளத்தில் எழுந்தது.

அவருள் ஒருவர் ஜன்கார்லோ புரோச்சி என்பவர். கியாந்தியில் கயோலே என்னும் சிற்றூரைச் சார்ந்தவர். மிதிவண்டிப் பந்தயங்களின் பழைய பெருமையில் ஈடுபாடு மிக்கவர். முற்காலத்து வீரர்கள் மாற்றுக் குழாயைத் தோளிலே சுற்றிக்கொண்டு, புழுதிச் சாலைகளில் நாள் முழுதும் ஓட்டினர். தஸ்கனியில் பிறந்து, 1938இலும் 1948இலும் பிரான்சு நாட்டைச் சுற்றும் பெரும் பந்தயத்தில் வாகை சூடிய ஜீனோ பர்த்தாலி அத்தகையவர். அவ்வீரர்களின் நினைவையும், அவர்கள் ஓட்டிய சாலைகளையும் ஒருங்கே காக்க வழி தேடினார் புரோச்சி. 1997ஆம் ஆண்டு 'லெரோயிகா' என்னும் மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார். 'வீரம் மிக்கது' என்பது அப்பெயரின் பொருள். முதல் ஆண்டில் கலந்துகொண்டோர் 92 பேரே. பின்னர் ஆயிரக்கணக்கானோர் பல நாடுகளிலிருந்தும் வரலாயினர்.

ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் நடைபெறும் அப்பயணத்தில் வெற்றி தோல்வி இல்லை. ஆனால், விதி உண்டு. 1987க்கு முற்பட்ட பந்தய மிதிவண்டிகளையே கொண்டுவருதல் வேண்டும். மிக நீண்ட வழி 209 கிலோமீட்டர். அதில் செல்வோர் பொழுது புலருமுன்பே புறப்படுகின்றனர். புரோலியோ கோட்டைக்கு ஏறும் வெண்சாலையின் இருமருங்கும் சிறு விளக்குகள் ஏற்றப்பட்டிருக்கும். அவ்வொளியில் அவர்கள் பேச்சின்றி ஏறுவர். சரளை நொறுங்கும் ஓசை மட்டும் கேட்கும். இடைவழியில் அவர்களுக்குக் கிடைக்கும் உணவும் பழைய உழவர் உணவே: ரொட்டியும், அவரைக் கொட்டையும் கீரையும் இட்டுக் காய்ச்சிய கூழும். மாலையில் திரும்பும்போது, முகமெல்லாம் வெண்புழுதி படிந்து, இளைஞரும் முதியவரும் ஒரே நிறத்தினராய் இருப்பர்.

2007இல் அவ்வழிகளிலேயே தொழில்முறை வீரர்களுக்கும் ஒரு பந்தயம் தோன்றியது. வெண்சாலைகளின் பெயரையே அது பின்னர்த் தன் பெயராகக் கொண்டது. 2015 முதல் மகளிர் பந்தயமும் நடைபெறுகிறது. சியன்னா நகரின் நடுவே சிப்பி வடிவில் அமைந்த பழம்பெரும் சதுக்கத்தில் பந்தயம் முடியும். சுவிட்சர்லாந்து வீரர் பாபியன் கான்செலாரா 2008, 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் அங்கே வென்றார். அதற்காக வெண்சாலைப் பகுதி ஒன்று அவர் பெயரைப் பெற்றது. யாருக்கும் வேண்டாதனவாய்க் கிடந்த பண்ணை வழிகளை இன்று உலகமே அறியும். லெரோயிகாவின் வழிநெடுக வழிகாட்டிப் பலகைகள் உள்ளன. ஆண்டு முழுவதும் எவரும் அதில் செல்லலாம்.

இங்கே ஒரு வினா எழலாம். பொழுதுபோக்காக வருவோர் புழுதியை வீரம் என்று புகழ்வர். அங்கேயே வாழ்வோருக்குப் புழுதி துன்பம் அன்றோ? கோடையில் தூசி வீட்டிற்குள் புகும். மாரியில் நீர் சரளையை அரித்துச் செல்லும். ஆண்டுதோறும் கல் பரப்பிச் சீர்செய்யப் பொருளும் வேண்டும். இவ்வினா நேர்மையானது. நோயாளியை விரைந்து கொண்டுசெல்லவும், பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவும் நல்ல சாலை வேண்டும். எல்லாச் சாலையும் வெண்சாலையாய் இருத்தல் வேண்டும் என்று அறிவுடையார் எவரும் கூறார்.

ஆயினும், எல்லாச் சாலையும் விரைவதற்கே என்று கொள்வதும் பிழையே. ஊர்களை இணைக்கும் பெருஞ்சாலையில் விரைவு நன்று. காட்டினூடேயும் கழனியினூடேயும் செல்லும் சிறுவழியில் நிதானம் நன்று. விரைந்து செல்பவருக்கு அக்குன்று ஒரு பச்சைக் கோடு. அமர்ந்து மிதித்து ஏறுபவருக்கோ அது ஓக்கு மரம், ஒலிவ மரம், பூட்டிய வீடு, அவ்வீட்டில் பாதி விளைவுக்காக உழைத்து மறைந்த குடும்பம் என ஒவ்வொன்றாய் விரியும்.

ஒரு பொருளை மறந்து விட்டுவைத்தல் வேறு. அதன் அருமை அறிந்து காத்தல் வேறு. மறதியால் எஞ்சிய வெண்சாலைகளை மக்கள் அறிந்து காக்கத் தொடங்கியபோதே அவை உண்மையில் பிழைத்தன. அந்த அறிவை அவர்களுக்குக் கொடுத்தது மிதிவண்டி. ஏனெனில், ஒரு சாலையின் ஒவ்வொரு கல்லையும் தன் உடலால் உணர்ந்தவர் அச்சாலையை எளிதில் கைவிடார்.