உப்பும் மணலும் பனியும்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்குப் புறப்பட்ட கார் முத்தையாபுரத்தைத் தாண்டிற்று. சாலையோரம் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள்! அக்காள் ஜன்னல் வழியே பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"மாண்ட்ரீலில் இப்போது பனி இப்படித்தான் குவிந்து கிடக்குமாம்."

அவள் பிள்ளைக்கு அங்கே இது முதல் குளிர்காலம். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறான். அதற்குக் குளிர்கால டயர் நான்கு வேண்டும், பணம் அனுப்புங்கள் என்று கேட்டிருந்தான். அத்தான் கணக்கில் கெட்டி. "இரண்டு போதாதா? சாலையில் உப்பைத் தூவிப் பனியைக் கரைத்துவிடுகிறார்களாமே!" என்று வாதாடிக்கொண்டே காரை ஓட்டினார்.

முருகன் தரிசனம் ஆயிற்று. மேற்கே தேரிக்காட்டையும் பார்க்கக் கிளம்பினோம். செக்கச் சிவந்த மணல் மேடுகள். நடுநடுவே பனையும் முந்திரியும். அழகில் மயங்கிய அத்தான் தார் ரோட்டை விட்டு மணல் தடத்தில் திரும்பினார். நூறு கெஜம் போவதற்குள் கார் நின்றது. ஆத்திரத்தோடு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். சக்கரம் சுழன்றது, கார் முன்னே போகாமல் கீழே போயிற்று!

அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர் கையை ஆட்டினார். "மிதிக்காதிய அண்ணாச்சி! மிதிக்க மிதிக்க உள்ளதான் போவும். காத்தக் கொஞ்சம் எறக்குங்க."

டயரில் காற்றைக் குறைத்தோம். அவர் மணலைப் பறித்துப் பனை ஓலைகளைச் சக்கரத்தடியில் போட்டார். கார் மெள்ளப் பின்னால் நகர்ந்து வெளியே வந்தது. காற்றுக் குறைந்த டயர் அகலமாகப் படிந்து மணல்மேல் மிதக்கிறது, அதுதான் ரகசியம்.

"பார்த்தீர்களா அத்தான்? மண்ணுக்கேற்ற செருப்பு வேண்டும்" என்று ஆரம்பித்தேன். பனிக்கு வேறு செருப்பு. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறுகிப் பிடிப்பை இழக்கிறது. குளிர்கால டயரின் ரப்பர் குளிரிலும் மிருதுவாக இருக்கும். அதிலுள்ள நுண்ணிய கீறல்கள் பனியைக் கவ்வும். மூன்று சிகர மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் அதன் முத்திரை. இங்கே காற்றை இறக்கினோம். அங்கே குளிர் தானாகவே டயரின் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடும், அடிக்கடி பார்த்து நிரப்ப வேண்டும். உப்போ, குளிர் மைனஸ் 10 டிகிரியைத் தாண்டினால் சரியாக வேலை செய்யாது. முன்சக்கரத்துக்கு மட்டும் நல்ல டயர் போட்டால், பிரேக் பிடிக்கும்போது பின்பக்கம் வழுக்கிக் கார் சுற்றிக்கொள்ளும். அதனால்தான் மாண்ட்ரீல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை நான்கு சக்கரத்துக்கும் குளிர்கால டயர் கட்டாயம்.

"வண்டியில் மண்வெட்டி, கம்பளி, ஒரு மூட்டை மணலும் வைத்துக்கொள்வார்கள்."

"மணலா! எதற்கடா?" என்றாள் அக்காள்.

"வழுக்கும் சக்கரத்தடியில் தூவத்தான். இங்கே நம்மைக் கவிழ்த்த மணல் அங்கே காப்பாற்றும்!"

அத்தான் வாய் திறக்கவில்லை. மாலையில் தூத்துக்குடிக் கடற்கரையில் உட்கார்ந்திருந்தோம். 1961-ஓடு நின்றுபோன முத்துக் குளிப்பைப் பற்றிப் பேச்சு வந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலில் இறங்குகிறவனின் கயிற்றை, மேலே படகில் அவனுடைய மைத்துனன்தான் பிடிப்பானாம். தன் சகோதரியின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் இருக்கிறது!

அத்தான் கொஞ்ச நேரம் கடலையே பார்த்தார்.

"பையனுக்கு அங்கே கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள்? நான்கு டயருக்கும் பணம் அனுப்பிவிடுகிறேன்" என்றார்.

அக்காள் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.