பெயரும் விசையும்

கணிப்பொறித் திரையில் தோன்றும் கட்டளைப் பட்டியை மெனு என்று வழங்குகிறோம். உணவு விடுதியின் பலகையிலிருந்து வந்த சொல் அது. விடுதிப் பலகையை உண்டு எழுந்ததும் மறந்துவிடுகிறோம். கடையில் கணக்கெழுதுபவரோ தம் பட்டியோடு நாளெல்லாம் வாழ்கிறார். சில வாரங்களில் அவருடைய கண் அதைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. பிறகு விரல்தான் படிக்கிறது.

இவ்வுண்மையைக் காண நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் குடியேறி வாழும் இந்தப் பெங்களூரிலேயே பிறந்தது டேலி என்னும் கணக்கு மென்பொருள். வணிகரான சியாம் சுந்தர் கோயங்கா, தம் தொழிலுக்கு ஏற்ற மென்பொருள் கிடைக்காமையால், கணிதம் பயின்ற தம் மகன் பரத் கோயங்காவை அதனை எழுதப் பணித்தார். 1986-இல் தொடங்கிய அம்முயற்சி பியூட்ரானிக்ஸ் என்ற நிறுவனப் பெயரைத் தாங்கி வெளிவந்தது. 1999-இல் நிறுவனமே தன் பெயரை டேலி சொல்யூஷன்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பிள்ளையின் பெயரைத் தந்தை சூடிக்கொண்ட கதை இது! பெயர் அமைந்த விதமும் நன்று. "கணக்கு டேலி ஆகவில்லையே" என்று நம் கடைத்தெருவில் கணிப்பொறி வருமுன்பே அலுத்துக்கொண்டவர்கள் பலர். மக்கள் வாயில் முன்பே இருந்த சொல்லை எடுத்துப் பெயராக்கினால் விளம்பரச் செலவு பாதி குறையும் அன்றோ?

அதன் முகப்புக்குக் கேட்வே ஆஃப் டேலி என்று பெயர். டேலியின் நுழைவாயில் என்பது பொருள். அங்கே ஒரு சிறு பட்டி. ஒவ்வொரு வரியிலும் ஓர் எழுத்து மட்டும் தனித்துக் காட்டப்பட்டிருக்கும். அவ்வெழுத்தைத் தட்டினால் அவ்வறை திறக்கும். சுட்டெலியைத் தொடவே வேண்டியதில்லை. பணம் செலுத்தியதைப் பதிய எஃப்5, பெற்றதைப் பதிய எஃப்6, விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9. சிக்பேட்டையிலும் அவென்யூ சாலையிலும் கணக்கெழுதும் நம்மவரிடம் "எஃப்8 போட்டாயிற்றா?" என்று கேட்டால் போதும், விற்பனையை எழுதியாயிற்றா என்பது பொருள். மார்வாடி முதலாளிக்கும் கன்னட நண்பருக்கும் தமிழ்க் கணக்குப்பிள்ளைக்கும் அது பொதுமொழி ஆகிவிட்டது.

2020 நவம்பரில் டேலிபிரைம் என்ற புதுப்பெயரும் புதுத் தோற்றமும் வந்தன. பட்டியின் அறைகள் இடம் மாறின. முன்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க உதவிய எஃப்1 உதவிக்குரிய விசையாயிற்று. பழைய பழக்கத்தில் அதனை அழுத்தியவர் கடையைத் திறக்கப் போய், விசாரணை மேசையின் முன் நின்றார். நிறுவனத்துக்கு உரியது எஃப்3 ஆயிற்று. ஆயினும் எஃப்4 முதல் எஃப்9 வரையிலான பதிவு விசைகளில் கை வைக்கவில்லை. பெயரும் வண்ணமும் விற்பவருக்கு உரியவை; விசையோ பல்லாண்டு பழகிய கைக்கு உரியது. இதனை அவர்கள் உணர்ந்திருந்தனர் என்றே எண்ணுகிறோம்.

இனி நம் மொழிக்கு வருவோம். டேலியின் திரையைத் தமிழிலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் நாம் அறிந்த கடைகளில் அப்படி வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சொல் இல்லாமையால் அன்று. வரவு, செலவு, பற்று, பேரேடு, குறிப்பேடு எல்லாம் நம்மிடம் உண்டு. நகரத்தார் ஏடுகளில் வழங்கிய ஐந்தொகை என்ற அழகிய சொல்லும் உண்டு. பேரேடு என்று பள்ளியில் தமிழ்வழி படித்த பிள்ளை, தருமபுரியிலிருந்தோ கிருட்டிணகிரியிலிருந்தோ இங்கு வேலைக்கு வந்ததும், 'லெட்ஜர்' என்பதன்முன் விழிக்கிறது. தமிழ்நாட்டு மேல்நிலைக் கணக்குப்பதிவியல் பாடநூலில் டேலிக்கென ஒரு பாடமே இருக்கிறது. எனினும் படித்த சொல்லும் திரையில் காணும் சொல்லும் வேறாகவே நிற்கின்றன.

எழுத்து விசையிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து, ஒரு தட்டு. நம் கொள்முதலின் 'கொ' விசைப்பலகையில் இரண்டு தட்டுகள். கணக்கு, கோப்பு, கொள்முதல், குறிப்பேடு எனப் பலவும் ககர வருக்கத்திலேயே வந்து குவிகின்றன. லினக்சின் குனோம் முகப்பைத் தமிழாக்கிய அன்பர்கள் இதற்கு ஒரு வழி கண்டனர். 'கோப்பு' என எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் எஃப் என்ற ஆங்கில எழுத்தை அமர்த்தினர். சீன, சப்பானிய மொழியாக்கங்களிலும் இவ்வழக்கம் உண்டு. பார்வைக்கு வேட்டியின்மேல் கழுத்துப்பட்டை கட்டியது போன்றதே. ஆனாலும் அவர்களை நாம் குறைகூற மாட்டோம். விரலின் பழக்கத்தைக் கெடுக்காமல் கண்ணுக்குத் தமிழைத் தந்தார்கள்.

எஃப்5-க்கும் எஃப்8-க்கும் இத்தொல்லையே இல்லை. அவை எம்மொழிக்கும் உரியவை அல்ல. திரை தமிழுக்கு மாறினாலும் எஃப்8 விற்பனையைத்தான் திறக்கும். ஆகவே ஆங்கிலப் பட்டியில் கை தேர்ந்த கணக்குப்பிள்ளை தமிழ்ப் பட்டிக்கு மாற அஞ்ச வேண்டியதில்லை. புதிதாகக் கற்கும் பிள்ளைக்கோ முதல் நாளே திரையைத் தமிழில் வைத்துத் தரலாம். ஆங்கிலச் சொல் அடுத்த மாதம் தானே வரும். கடையில் எல்லோரும் அதைத்தானே பேசுகிறார்கள்.