காற்றின் விலை

சென்னையிலிருந்து அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் பட்டரவாக்கம் என்னும் சிறு நிலையம் ஒன்று உளது. காலையில் அங்கு வண்டியிலிருந்து இறங்குவோருள் பலர், கையில் உணவுப் பாத்திரத்துடன் விரைந்து நடப்பர். அவர்கள் நாடிச் செல்வது அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. 1960களில் அரசினர் அமைத்த அப்பேட்டையில் பேராலைகளும் உள. பத்துப் பேர் மட்டுமே பணிபுரியும் கடைசற் பட்டறைகளும் உள. ஊர்தி செய்யும் பேராலைகளுக்கு வேண்டிய திருகாணியையும் வளையத்தையும் இச்சிறு பட்டறைகள் கடைந்து கொடுக்கும். பொருளுக்கு விலை பேசுவதில் பேராலையின் கையே ஓங்கியிருக்கும். ஆதலின் பட்டறைக்காரர் தம் ஊதியத்தைப் பெரும்பாலும் பட்டறையின் உள்ளேயேதான் தேடுதல் வேண்டும்.

2008ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகத்தில் மின்பற்றாக்குறை கடுமையாக இருந்தது. நாளில் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. டீசல் கொண்டு ஆக்கிய மின்சாரமோ வாரியம் தரும் மின்சாரத்தினும் மிக்க விலையுடையது. ஒரு முறைப்பணியை நிறுத்துவதா, ஆளைக் குறைப்பதா என்று சிறு பட்டறைகள் கலங்கிய காலம் அது. அக்காலத்தேதான், வாங்கிய மின்சாரம் எங்கே போகிறது என்னும் வினா பலருக்கு எழுந்தது.

தமிழில் கழிவு என்பது வேறு. வீண் என்பது வேறு. இரும்புத் தண்டைக் கடையும்போது சுருள் சுருளாக விழும் துருவல் கழிவு. அது கண்ணுக்குத் தெரியும். கூடையில் வாரி எடைபோட்டு விற்கலாம். உலையில் உருகி மீண்டும் உலோகமாகும். தாதுவிலிருந்து அலுமினியத்தைப் புதிதாக எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில், அதன் துருவலை உருக்குவதற்கு ஏறத்தாழ நூற்றில் ஐந்து பங்கே போதும். கழிவுக்கு இவ்வாறு ஒரு கதி உண்டு. வீணாய்ப் போனதற்கு அதுவும் இல்லை.

பட்டறையில் வீணாவனவற்றுள் தலைமையானது காற்று. காற்று விலையின்றிக் கிடைப்பதன்றோ எனின், ஆம், வெளியே உலவும் காற்றுக்கு விலை இல்லை. ஆனால், கம்பிரசர் என்னும் பொறி அதனை உள்ளிழுத்து அழுத்திக் குழாயில் செலுத்தும்போது அதற்கு விலை ஏறிவிடுகின்றது. அப்பொறி உண்ணும் மின்னாற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறும்; சிறு பகுதியே வேலைக்கு உதவும். இத்துணை அரிதாய்ப் பெற்ற காற்றைக் கொண்டு சட்டையில் படிந்த தூசியை ஊதிக்கொள்வாரும் உளர்! அது செலவு மட்டுமன்று. கண்ணுக்கும் செவிக்கும் தீங்கு விளைப்பது.

குழாயில் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள துளை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஏழு பார் அழுத்தத்தில் அதன் வழியே ஒழுகும் காற்றை ஈடு செய்ய மூன்று கிலோவாட்டுக்குக் குறையாத மின்விசை வேண்டும். நாளொன்றுக்குப் பதினாறு மணி, ஆண்டுக்கு முந்நூறு நாள் எனக் கணக்கிட்டால் 14,400 யூனிட் ஆகும். மாதம் 100 யூனிட் செலவிடும் பன்னிரண்டு இல்லங்கள் ஓராண்டு முழுதும் விளக்கெரிக்கலாம். துளையோ மிளகு நுழையாத அளவினது!

அம்பத்தூரை அடுத்த பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் ஆலையின் பிரேக் பிரிவு 1998இல் ஜப்பானியரின் டெமிங் பரிசைப் பெற்றது. அப்பரிசை முதன்முதலில் பெற்ற இந்திய நிறுவனம் அதுவே. அழுத்திய காற்றினால் இயங்கும் தடைக்கருவிகளைச் செய்யும் ஆலைக்கு அப்பெருமை வாய்த்தது பொருத்தமே. வீண் என்பதனை ஜப்பானியர் ‘முடா’ என்பர். டொயோட்டா ஆலையின் தாயிச்சி ஓனோ அதனை ஏழு வகையாக்கினார். வேலையின்றிக் காத்திருத்தலும், வேண்டாத அளவு செய்து குவித்தலும், பழுதுபடச் செய்தலும் அவற்றுள் சில. பழுதான பொருளை உருக்கினால் உலோகம் மீளும். அதன்மேல் செலவிட்ட மின்சாரமும் உழைப்பும் மீளா.

பட்டறையில் செய்யத்தக்கவை எளியனவே. அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் கம்பிரசரின் மின்செலவு நூற்றுக்கு ஆறு முதல் பத்து வரை குறையும். பொறி உள்ளிழுக்கும் காற்று நான்கு பாகை வெப்பம் மிகுந்தால் செலவு நூற்றுக்கு ஒன்று கூடும். ஆகவே, சென்னையின் சித்திரை வெயிலில் அப்பொறியை உலைக்கு அருகே வைத்தல் ஆகாது.

ஒழுக்கைக் கண்டறிய ஏற்ற வேளை நண்பகல் உணவு வேளை. எல்லாப் பொறிகளும் ஓய்ந்திருக்கும்; கம்பிரசர் மட்டும் இயங்கட்டும் என விடுதல் வேண்டும். காற்றை எவரும் பயன்படுத்தாதபோதும் அது அடிக்கடி மூச்சு வாங்கி இரையுமாயின், எங்கோ ஒழுகுகின்றது என்பது பொருள். மூத்த தொழிலாளர் குழாய் நெடுகச் செவிசாய்த்து நடப்பர். பாம்பு சீறுவது போன்ற மெல்லொலி ஓரிடத்தில் கேட்கும். அங்கே சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும். பெரும்பாலும் அது இணைப்பில் நைந்துபோன ஒரு ரப்பர் வளையமாகவே இருக்கும். உணவு நேரம் முடிந்து மணி அடித்ததும் பொறிகள் யாவும் மீண்டும் முழங்கத் தொடங்கும். அம்முழக்கத்தில் சீறல் மறைந்துவிடும். அதற்குள் அவ்விடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இட்டிருத்தல் வேண்டும்.