ஏசி போட்டும் ரூம் ஏன் குளிர மாட்டேங்குது?

மயிலாப்பூர்ல மொட்டை மாடிக்கு நேர் கீழ குடியிருக்கற புண்ணியவான்களுக்கு இந்தப் பதிவு சமர்ப்பணம். மே மாசம் ராத்திரி பத்து மணிக்கு ஏசி போட்டா, பன்னெண்டு வரைக்கும் புழுக்கம்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டா, "கேஸ் இல்ல சார்"ம்பார்.

குத்தம் பெரும்பாலும் ஏசி மேல இல்லீங்க. பத்துக்குப் பன்னெண்டு ரூம்ல இருக்கற காத்து மொத்தமே சுமார் 40 கிலோ. அதைக் குளிர வைக்க சில நிமிஷம் போதும். ஆனா தலைக்கு மேல இருக்கற அஞ்சு இஞ்ச் கான்க்ரீட் 3 டன்னுக்கு மேல! பகல் பூரா குடிச்ச வெயிலை அது ராத்திரிதான் கக்கும். சுவரு, கட்டில், மெத்தை எல்லாம் அதுக்குக் கூட்டணி. போதாததுக்கு கடல் காத்தோட ஈரம். அதைத் தண்ணியா வடிக்கவும் ஏசி உழைக்கணும்.

16ல வெச்சா சீக்கிரம் குளிரும்ங்கறது, இன்வர்ட்டர் இல்லாத சாதா ஏசியில வெறும் நம்பிக்கை. கம்ப்ரஸர் ஒரே வேகத்துலதான் ஓடும். எப்ப நிக்கணும்னு மட்டும்தான் அந்த நம்பர் சொல்லும். கரண்ட் பில் எகிறும், அவ்வளவுதான்.

எங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. ராத்தூக்கம் கெட்டா மறுநாள் தலைசுத்தல். அதான் போன வருஷம் மாடித்தரை முழுக்க வெயிலைத் திருப்பி அடிக்கற வெள்ளைப் பெயிண்ட் அடிச்சோம். இந்த மே மாசம் பதினொண்ணுக்கே போர்வை கேக்கறாங்க. பெரிய ஏசி வாங்கறதுக்கு முன்னாடி, ஒரு தடவை மாடியேறிப் பாத்துடுங்க மக்களே!