கடல் தந்த பங்கு

ஐஸ்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே, அலை ஓயாத வட அட்லாண்டிக் பெருங்கடலில், ஃபாரோ என்னும் 18 தீவுகள் உள்ளன. மரங்கள் அரிதாகவே வளரும் நிலம் அது. காற்று மிகுதி, விளைச்சல் குறைவு. புல் மேயும் ஆடுகளும் கடல் அளிக்கும் உணவுமே அங்கு வாழ்வோரை நெடுங்காலம் காத்து வந்தன. கரிய உடலும் உருண்ட நெற்றியும் உடைய பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாகக் கரையை அணுகினால், ஊரார் படகேறிச் சென்று அவற்றை விரிகுடாவினுள் மடக்கிப் பிடிப்பர். வாணிகத்துக்காக அன்று, ஊரவர் தமக்குள் பங்கிட்டு உண்பதற்கே. இவ்வேட்டையின் குறிப்பு 1584 முதற்கொண்டே கிடைக்கின்றது. 1709 முதல் கணக்கு இடையறாது எழுதப்பட்டு வருகின்றது. இது கொடுமை என்று பிற நாட்டார் பலர் பழிப்பர். அவ்வழக்கு நிற்க. தீவினரின் உணவுக்குள்ளேயே, யாரும் அறியாமல், வேறொரு கேடு புகுந்திருந்தது.

அக்கேடு பாதரசம். 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நோய் வெளிப்பட்டபோது, விரிகுடாவில் கழிவைக் கொட்டிய ஆலை அவ்வூரிலேயே நின்றது. ஃபாரோ மக்களுக்கோ சுட்டிக் காட்டுவதற்கு ஓர் ஆலையும் இல்லை. தொலைநாடுகளில் நிலக்கரி எரியும்போதும் பொன்னைப் பிரித்தெடுக்கும்போதும் ஆவியாகும் பாதரசம், காற்றோடு உலகைச் சுற்றி மழையோடு கடலில் இறங்குகின்றது. நீரில் வாழும் நுண்ணுயிர்கள் அதனை மெதில் பாதரசம் என்னும் நஞ்சாக மாற்றுகின்றன. அந்நஞ்சு மிதவை உயிர்களிடமிருந்து சிறு மீனுக்கும், மீனிலிருந்து கணவாய்க்கும், கணவாயைத் தின்னும் திமிங்கிலத்துக்கும் படிப்படியாகச் செறிவு மிகுந்து செல்கின்றது. திமிங்கிலமோ பல்லாண்டு வாழும் உயிர். ஒரு நாளில் உட்கொள்வது அணுவளவேயாயினும், ஆயுள் முழுவதும் சேர்வது அணுவளவன்று.

இங்கே ஒரு விந்தை உண்டு. திமிங்கிலத்தின் ஈரல், பாதரசத்தைச் செலினியத்தோடு பிணைத்துக் கரையாத நுண்மணிகளாக்கி ஒதுக்கி வைக்கின்றது. மருத்துவர் எவரும் கற்பிக்காத மருத்துவம் அது! ஆயினும் தசையில் தங்குவதில் பெரும்பகுதி மெதில் பாதரசமாகவே நின்றுவிடுகின்றது. மனிதர் உண்பதும் அத்தசையையே. தாய்த் திமிங்கிலம் தன் கருவிலுள்ள கன்றுக்கும் அந்நஞ்சில் ஒரு பங்கை அளிக்கின்றது. மனிதத் தாயின் நிலையும் அதுவே.

பவுல் வைகே அத்தீவினராகிய மருத்துவர். அவரும் டென்மார்க்கைச் சேர்ந்த பிலிப் கிராஞ்சானும், 1986, 1987ஆம் ஆண்டுகளில் அங்குப் பிறந்த 1,022 குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியில் பாதரசத்தை அளந்தனர். ஏழாம் வயதில் அக்குழந்தைகளின் நினைவாற்றலும் கவனமும் மொழித்திறனும் ஆராயப்பட்டன. பாதரசம் மிகுந்த குருதியோடு பிறந்தவர் இவற்றில் சற்றே பின்தங்கி நின்றனர். முடிவுகள் 1997இல் வெளிவந்தன. காண்போர் கண்ணுக்குப் புலப்படும் நோய் அன்று அது. ஆதலால் அதனை நம்பச் செய்வதும் எளிதன்று. பதினான்காம் வயதிலும் அவ்வேறுபாடு மறையவில்லை.

முன்னோர் உண்டு உயிர் தரித்த உணவை நஞ்சு என்று தன் மக்களிடமே சொல்ல வேண்டிய கடமை வைகேயைச் சேர்ந்தது. அயலார் சொல்லியிருந்தால் பகையென்று தள்ளியிருப்பர். 1998இல் பெண்டிருக்குத் தனி எச்சரிக்கை விடப்பட்டது. பெண்டிர் கேட்டனர், பின்னர்ப் பிறந்த குழந்தைகளின் குருதியில் பாதரசம் வெகுவாகக் குறைந்தது. 2008இல் வைகேயும் தீவுகளின் தலைமை மருத்துவ அதிகாரியும், திமிங்கில இறைச்சி இனி எவரும் உண்ணத்தக்கதன்று என்று அறிவித்தனர். மிகுந்த வருத்தத்தோடு இதனைக் கூறுவதாகவும் அவ்வறிக்கையில் எழுதினர். 2011இல் உணவுத் துறையினர், வயது வந்தோர் திங்களுக்கு ஒரு முறைக்கு மேல் உண்ணலாகாது என்று வரையறுத்தனர்.

வேட்டை நின்றுவிடவில்லை. திமிங்கிலக் கூட்டம் தென்பட்டால் இன்றும் படகுகள் புறப்படுகின்றன. இறைச்சி முன்போலவே பங்கிடப்படுகின்றது. பங்கு வந்து சேர்ந்த வீட்டில், அதனை யார் உண்பது, யார் உண்ணாதிருப்பது என்ற கேள்வியும் உடன் வந்து சேர்கின்றது.