முதலமடையில் ஓர் இரவு

விடுமுறைக்குத் தாயகம் வரும் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில, படுக்கையும் அடுப்பும் அமைந்த காரவன் வண்டியில் மலைநாடு காண விழைகின்றன. கேரள அரசும் 2021இல் இத்தகைய பயணத்துக்கென ஒரு திட்டம் அறிவித்தது. அவ்வன்பர்கட்கு நாம் முதலமடையைச் சொல்வோம்.

பாலக்காடு–பொள்ளாச்சி இருப்புப் பாதையில் ஆலமரங்கள் நிழல் பரப்பும் சிறு நிலையம் அது. அகலப்பாதைப் பணிக்காக 2008இல் நின்ற ரயில் 2015இல் மீண்டும் ஓடலாயிற்று. ஊரெங்கும் மாந்தோப்புகள், பிற இடங்களுக்கு முந்தியே இங்கு மா காய்த்துவிடும். உரிமையாளரின் இசைவு பெற்றுத் தோப்பிலேயே முதல் இரவைக் கழிக்கலாம்.

மறுநாள் பறம்பிக்குளம். அது முதலமடை ஊராட்சியைச் சேர்ந்ததே; எனினும் வண்டிப்பாதை தமிழ்நாட்டுச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகவே செல்கிறது. நமக்கு இன்பச் சுற்றாகும் அவ்வழி, அங்கு வாழும் பழங்குடி மக்களுக்குத் தம் ஊராட்சி அலுவலகம் செல்லும் வழியுமாகும். மாநில எல்லையை இருமுறை கடந்தே அவர்கள் சொந்த ஊராட்சியை அடைய வேண்டும்.

2010 முதல் அது புலிகள் காப்பகம். ஆதலின் காட்டில் வண்டியை நிறுத்தி உறங்குதலும் அடுப்பு மூட்டுதலும் ஆகா. வனத்துறை விடுதியில் முன்பதிவு செய்து, பகலிலேயே சோதனைச் சாவடியைக் கடந்துவிடுக. தூணக்கடவின் கன்னிமாரத் தேக்கைக் குழந்தைகளுக்குக் காட்டுக. பலர் கைகோத்தால்தான் அதனைத் தழுவ முடியும். அப்பாதையின் கதையையும் அவர்களுக்குச் சொல்லுக.